காதைக் கொடுத்து வாங்கிய நாயனம்

அக்கா மகன், கையாலேயே செய்த கிடார்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விலையைக் கேட்டேன். எனக்கு சுதி இறங்கிவிட்டது.

"வாடா" என்று கோவில்பட்டியில் சிலையாக நிற்கும் காருகுறிச்சி அருணாசலத்திடம் கூட்டிப் போனேன்.

"இவரோட குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பழைய திமிரி நாயனத்துல சுத்த மத்யமம் சுத்தமா பேசலைன்னு அவருக்குக் குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிகிட்ட சொன்னார். ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளையை மாத்தி, பிள்ளை ஊதிப் பார்த்து... 1955-ல பிறந்துச்சு பாரி நாயனம்!"

"மரம், மாமா?"

"ஆச்சா. இடிச்ச பழைய வீட்டு உத்திரம், தூண். ஈரமெல்லாம் போய் வைரம் பாய்ஞ்சது. 2022-ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க."

"அப்ப என் கிடார்?"

"பிள்ளை ஆசாரிக்குக் காசு மட்டுமா கொடுத்தார்? காதையும் கொடுத்தார். நீ முதல்ல கூட்டாளி கிடார்ல வாசி. எந்த சுரம் பேசலைன்னு என்னிக்குச் சொல்றியோ, அன்னிக்கு என் சீட்டுப் பணம் உனக்கு."

தப்பித்தேன் என்று நினைத்தேன். பயல் சாயங்காலமே வாசிக்க உட்கார்ந்துவிட்டான்!

பி.காம். மூளை இப்போது கணக்குப் போடுகிறது: சீட்டை எவ்வளவு தள்ளி எடுக்கலாம்?