குச்சி நட்ட பிறகு விழிப்பதா?



சென்ற மாதம் ஒருநாள் காலைப் பிரட்டு முடிந்ததும், பால் வெட்டும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். லயத்துக்குப் பின்னால் அளவுகாரர்கள் நட்டுவிட்டுப் போன சிவப்புக் குச்சிகளைக் காட்டி, "கிராணியாரே, இது எதுக்கு?" என்று கேட்டார். செக்ரோல் எழுதும் எனக்கும் பதில் தெரியவில்லை. ஆபீசில் கேட்டேன். "மின்கம்பி போகப் போகிறது, அவ்வளவுதான்" என்றார்கள்.

அவ்வளவுதானா?

என் பாட்டனார் பால் வெட்டியது சுங்கை வேயில். இன்று அங்கே ரப்பர் நிரைகள் ஏது? அதன் பக்கத்திலே, 1952இல், எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில்தான் பெட்டாலிங் ஜெயா நகரம் பிறந்தது. 1972இல் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. 2006இல் பெட்டாலிங் ஜெயா மாநகரமானது. நகரம் வளர்ந்தது பற்றி நமக்கு வருத்தமில்லை. நம் பிள்ளைகளும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்து பிழைத்தவர்களே. ஆனால் தோட்டம் நகரமாகும்போது, அங்கே குடியிருப்பவனை யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா என்பதே நம் கேள்வி.

மரம் கோடரியால் விழுவதற்கு முன்பே காகிதத்தில் விழுந்துவிடுகிறது. அந்தக் காகிதங்கள் மூன்று. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் உத்தரவு முதலாவது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அங்கே என்ன கட்டலாம் என்ற அனுமதி இரண்டாவது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி அதை நகர மன்றம் கொடுக்கிறது. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் செல்வதற்கான வழியுரிமை மூன்றாவது.

இவற்றில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். கம்பி இழுப்பதால் ஏற்படும் இடையூறுக்கும் சேதத்துக்கும் "சம்பந்தப்பட்ட எல்லோருக்கும்" முழு நஷ்டஈடு தரவேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம். அந்தச் சொல்லில் நமக்கும் ஒரு சிறு வாசல் இருக்கிறது. திட்டச் சட்டமோ அப்படியல்ல. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நிலத்தின் *உரிமையாளருக்கு* நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தவணை கொடுக்கிறது. திட்டம் இருந்தால் அந்தச் சட்டத்தில் அந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவன் உரிமையாளன் அல்லவே! அவன் வீட்டுக் கதவை எந்த நோட்டீஸ் தட்டும்?

மன்ற உறுப்பினரையாவது ஓட்டுப் போட்டு மாற்றலாமா என்றால், அதுவும் முடியாது. 1965இல் நிறுத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் பிறகு திரும்பவேயில்லை. இன்று அவர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது.

கோலாலம்பூர் புக்கிட் கியாராவை நினைத்துப் பாருங்கள். தோட்டம் போன பின், ஏறக்குறைய 100 தொழிலாளர் குடும்பங்கள் 1980களிலிருந்து நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. 2017இல், பக்கத்திலிருந்த ரிம்பா கியாரா பூங்காவில் வானளாவிய ஆடம்பர வீடுகளுக்கு மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. நம்மவர்களுக்கும் அதே திட்டத்தில் ஓர் அடுக்குமாடி என்று சொல்லப்பட்டது. பூங்கா வேண்டுமென்ற அக்கம்பக்கத்தார் வழக்காடினர். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. அனுமதி கொடுக்கும் மேயர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் தீர்ப்பளித்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது வந்த நாளிலும் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீட்டிலேதான் இருந்தன. பூங்காவையும் ஏழையின் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? வீட்டை முதலிலேயே கட்டிக் கொடுத்திருந்தால் அந்தச் சண்டைக்கே இடமிருந்திராதே!

ஆகவே நம் சங்கம் கேட்க வேண்டியது இது: தோட்ட நிலம் பற்றிய எந்த மனு வந்தாலும், உரிமையாளருக்கு மட்டுமன்றி அங்கே குடியிருப்பவருக்கும், கோயிலுக்கும், தமிழ்ப்பள்ளிக்கும் நோட்டீஸ் தரவேண்டும். மாற்று வீடு கட்டி முடியுமுன் மன்றம் அனுமதி கொடுக்கக்கூடாது.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. உள்ளூர்த் திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் எழுத நிலப்பட்டா தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் இரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லட்டும். எழுத்து வேலைக்குக் கிராணிமார்கள் முன்வரட்டும். அந்தப் பேனா செக்ரோலுக்கு மட்டும்தானா சொந்தம்?

அந்தப் பெரியவருக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. நிலக் காரியாலயத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். அதில் முதல் கையெழுத்து அவருடையது.