நிலமும் பொழுதும்

தமிழ் பயில்வோர்க்கு நிலநூலாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் நம்மிடையே உளர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். மரம், விலங்கு, பறவை முதலியன அந்நிலத்திற் பிறக்கும் கருப்பொருள்கள். இப்பாகுபாடு கொண்டு ஒரு கண்டத்தின் வரலாற்றையே விளக்கலாம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியா அதற்குத் தக்க சான்றாகும்.

அக்கண்டத்தின் மேற்குப்பகுதி மிக்க தொன்மை வாய்ந்தது. அங்குள்ள ஜாக் குன்றுகளிற் கிடைத்த சிர்க்கான் துகள்களுட் சில ஏறக்குறைய 440 கோடி ஆண்டு மூப்புடையன. கண்டத்தின் நடுவே நிற்கும் உலுரு என்னும் செம்பாறை, சூழ்ந்த சமவெளியினின்று 348 மீட்டர் உயர்வது. ஒருகாலத்து ஓங்கியிருந்த மலைகளை நீர் அரித்துக் கொணர்ந்த மணலே, சுமார் 55 கோடி ஆண்டுகட்கு முன் படிந்து, புதையுண்டு இறுகி, பின்னர்ப் புவியின் அழுத்தத்தால் நிமிர்ந்து அப்பாறையாயிற்று. மலை மணலாகி, மணல் மீண்டும் மலையாயிற்று!

இங்ஙனம் தேய்ந்து தேய்ந்தே அந்நாடு தாழ்ந்து பரந்தது. அதன் பெருநிலத்து உச்சியாகிய காஸ்சியஸ்கோ சிகரமும் 2,228 மீட்டரே. புதுமண் ஈனும் எரிமலையும் பனியாறும் அண்மைக் காலங்களில் அரியவாகலின் மண் பெரும்பாலும் பழையது, மெலிந்தது. மேலும், கடலினின்று காற்றும் மழையும் சிறிது சிறிதாகக் கொணர்ந்த உப்பு, தென்மேற்குப் பகுதியில் நிலத்தின் ஆழத்தே பன்னெடுங்காலம் உறங்கிற்று. ஆழ வேரூன்றிய மரங்கள் மழைநீரை உறிஞ்சி, அவ்வுப்புத் துயிலெழாவண்ணம் காத்தன.

கோதுமை விதைப்போர் அம்மரங்களை வெட்டினர். உறிஞ்சுவாரற்ற நீர் நிலத்தடியில் உயர்ந்தது, உப்பும் உடனெழுந்தது, வயல்கள் வெளுத்தன. இவ்வுண்மையை உட் என்னும் இருப்புப்பாதைப் பொறியாளர் 1924-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். ஆயினும் காடழிப்பு நின்றிலது.

உணவு வேண்டாவோ, உழாது வாழ்தல் எங்ஙனம் என்பாருக்கு யான் கூறுவது ஒன்றே. உழவைப் பழித்தல் என் நோக்கமன்று. பொழுதை மறந்து நிலத்தை மட்டும் அளந்ததே பிழை. கோடியாண்டுகள் இயற்றிய ஒழுங்கைச் சில தலைமுறைகள் குலைத்தன. கருப்பொருளாகிய மரம் வீழவே, முதற்பொருளாகிய நிலமும் திரிந்தது. மீள மரம் நடுவோர் இன்று அங்கே உளர். எனினும் எழுந்த உப்பு இறங்கப் பல்லாண்டு செல்லும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, மலையின் பெயரையும் உயரத்தையும் மனனஞ் செய்தலோடு அமையற்க. அஃது எங்ஙனம், எத்துணைக் காலத்தில் ஆயிற்று என வினவுக. அவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரே கோடரியைக் கையிலெடுத்தல் அறிவுடையார் செயல்.