சரிவைப் படிக்கும் கண்

கோல்ஃப் என்றாலே சீமான்கள் ஆட்டம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நான் ஒப்பமாட்டேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் 'கிரீன்' என்பர். அங்கே பந்தை மெல்ல உருட்டிக் குழியில் சேர்க்கத் தோள்வலிமை வேண்டாம். சரிவைப் படிக்கும் கண் வேண்டும். ஒரு குடம் நீரைக் கொட்டினால் எப்பக்கம் ஓடுமோ, பந்தும் அப்பக்கமே வளையும். மழைக்காலக் கள்ளிக்குப்பத்தில் கோலியாடி வளர்ந்தவனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்!

நாம் படிக்கும் இயற்பியலும் துணைவரும். வேகம் குறையக் குறைய வளைவு மிகும்; ஆகவே குழியருகே உள்ள சரிவையே கூர்ந்து நோக்கவேண்டும். குழியின் விட்டம் 4.25 அங்குலமே. விரைந்து வரும் பந்து விளிம்பைத் தொட்டுத் தாண்டிவிடும். பழகுகிறவர் திசைக்கு முன் வேகத்தைப் பழகட்டும் என்பேன்.

ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமப்பவர் 'கேடி' (நம் ஊர்ப் பொருளில் அல்ல!). தில்லியில் அப்படிப் பை சுமந்த அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் பை சுமந்த சின்னசுவாமி முனியப்பா 2009-இல் வென்றார். பிறருக்காகச் சரிவு பார்த்துப் பழகிய கண்கள் அவை.

நந்தனத்துத் திடலை வாரம் ஒரு காலை அரசுக் கல்லூரி மாணவர்க்குத் திறந்துவிட்டால், அம்பத்தூரில் முதல் ரயில் ஏறுபவன் நானே.