அளவறிந்து வேகம் கூட்டுவோம்

கணிப்பொறி இல்லாத கல்விக்கூடம் இன்று இல்லை. ஆயினும் மாணவர் இல்லங்கள் அனைத்திலும் புதிய கணிப்பொறி இருப்பதில்லை. அண்ணன் படித்தபோது வாங்கியது தங்கைக்கும், மாமா வீட்டில் ஒதுக்கியது மருமகனுக்கும் வந்து சேர்கின்றது. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட மேசைக் கணிப்பொறிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேகம் போதாது என எண்ணும் இளைஞர் சிலர், செயலியைக் குறித்த அளவுக்கு மேல் விரைவாக இயக்கும் முறையை நாடுகின்றனர். ‘ஓவர்கிளாக்கிங்’ என வழங்கும் இதனைத் தமிழில் ‘மிகைத்துடிப்பு’ எனலாம்.

இது கூடவே கூடாது என அஞ்சுவோர் ஒருபுறம். எண்ணை மாற்றினால் போதும் எனத் துணிவோர் மறுபுறம். இருசாரார் கருத்தும் முழுமையுடையன அல்ல. வேகத்தைக் கூட்டுவது எளிது. கூட்டிய வேகத்தில் பொறி பிழையின்றி நிற்கிறது என்று மெய்ப்பிப்பதே அரிது. அதற்குரிய பொறுமை உடையோரே இதில் இறங்க வேண்டும் என்பது என் கருத்து.

துடிப்பின் கணக்கு

செயலியின் ஒவ்வொரு செயலும் கடிகாரத் துடிப்புக்கு இசைந்து நிகழ்கிறது. தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பைச் செயலி தன் பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் பெருக்கெண் 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியபோது, 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடிற்று. 2007இல் வந்த கோர் 2 குவாட் கியூ6600 செயலியின் பெருக்கெண் 9. அடிப்படைத் துடிப்பு 266 ஆயின் 2,400. 333 ஆயின் 3,000. 2011 முதல் வந்த இன்டெல் செயலிகளிலோ, பெரும்பாலும் பெயரின் இறுதியில் ‘கே’ என்னும் எழுத்துடையவையே இம்மாற்றத்திற்கு இடம் தருகின்றன. எனவே தம் செயலி எவ்வகையினது, தாய்ப்பலகை இடம் தருமா என அறிவதே முதற்படி.

தயாரிப்பாளர் குறித்த வேகம், கடும் சூழலிலும் செயலி தவறாது இயங்கும் பொருட்டுச் சற்றே குறைத்து வைத்த வேகம். அந்த இடைவெளியைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். ஒரே பெயருடைய இரு செயலிகளில்கூட அந்த இடைவெளி ஒன்றாக இராது. ஆதலின் நண்பர் எட்டிய எண்ணை நாமும் எட்டுவோம் என எண்ணுதல் பேதைமை.

வெப்பத்தின் கணக்கு

செயலி உண்ணும் மின்திறன் துடிப்பிற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. துடிப்பை மட்டும் 25 விழுக்காடு கூட்டினால் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். அத்துடன் மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு உயர்த்தினால், 1.25ஐ 1.21ஆல் பெருக்க வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 51 விழுக்காடு மிகும். துடிப்பைவிட மின்னழுத்தமே அஞ்சத்தக்கது என்பதை இக்கணக்குக் காட்டும். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பல நிலைகுலைந்தபோது, மிகுதியான மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனமே அறிவித்து உத்தரவாதக் காலத்தை நீட்டியது. தயாரிப்பாளருக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்பதற்கு உறுதி ஏது?

காவிரியின் மிகை நீரைக் கொள்ளிடம் ஏற்றுச் செல்வதால் திருவரங்கம் தீவு காக்கப்படுகிறது. மிகை வெப்பத்திற்கும் அத்தகைய வடிகால் வேண்டும். நல்ல குளிர்விப்பானும், காற்றோட்டமுள்ள பெட்டியும், தரமான மின்வழங்கியும் இல்லாத பொறியில் இம்முயற்சியைத் தவிர்க்க வேண்டும். தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி போன்றவற்றில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. அவற்றில் இதனை நினைக்கவே வேண்டா.

முதலில் செய்யத்தக்கவை

பழைய கணிப்பொறியின் மெத்தனத்திற்குச் செயலி மட்டுமே காரணமன்று. விசிறியில் அடைந்த தூசும், உலர்ந்துபோன வெப்பப் பசையும், சுழலும் வன்தட்டும், போதாத நினைவகமும் அதனினும் பெரிய காரணங்கள். தூசு நீக்கிப் பசையை மாற்றி, வன்தட்டின் இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பல பொறிகள் மிகைத்துடிப்பின்றியே புத்துயிர் பெறும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது. வேகத்தைக் கூட்டினாலும் பழைய செயலியை விண்டோஸ் 11இன் விதிகள் ஏற்கா. அத்தகையோருக்கு லினக்ஸ் நல்ல வழி.

இவற்றின் பின்னரும் தேவை இருப்பின், கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுத் தொடங்கலாம். பயாஸ் அமைப்பில் தானியங்கி மின்னழுத்தத்தை நிறுத்தி, இயல்பான அளவில் நிலைநிறுத்த வேண்டும். அடிப்படைத் துடிப்பை உயர்த்தும்போது நினைவகத்தின் துடிப்பும் உடன் உயரும். அதன் விகிதத்தைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் ஐந்து அல்லது பத்து மெகாஹெர்ட்ஸாகப் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, எண்ணையும் வெப்பநிலையையும் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். எவ்வளவு கடும் வேலையிலும் வெப்பம் 75 பாகை செல்சியஸைத் தாண்டாதிருத்தல் நன்று. பொறி தொடங்க மறுத்தால், தாய்ப்பலகையின் பயாஸ் மீட்பு முனைகளைக் கொண்டு பழைய நிலைக்குத் திருப்பலாம்.

திருச்சி வெயில் தரும் பாடம்

குளிர்விப்பான் செயலியை அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டுசெல்லாது. அறையின் வெப்பத்திற்கு மேல் இத்தனை பாகை என்றே நிறுத்தும். மார்கழி இரவில் 24 பாகையுள்ள அறையில் தேறிய பொறி, கத்திரி வெயிலில் 38 பாகையுள்ள அறையில் ஏறத்தாழ 14 பாகை கூடுதலாகச் சுடும். எனவே குளிர்நாட்டார் தரும் எண்களை நம் ஊருக்கு அப்படியே கொள்ளலாகாது. சித்திரை, வைகாசியின் நண்பகலில் தேறியதே தேர்ச்சி.

மேலே சோதித்துக் கீழே நடத்துக

திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை உள்ளது. கொதிகலனின் அழுத்தப் பகுதிகளை, வேலை செய்யும் அழுத்தத்தினும் உயர்ந்த அழுத்தத்தில் நீரால் சோதிப்பர். தேறிய பின் தாழ்ந்த அழுத்தத்திலேயே நடத்துவர். அந்நெறியே இதற்கும் ஏற்றது. முன்கூறிய கியூ6600 350 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பில் தேறினால், 333இல் நடத்துவதே அறிவுடைமை.

சோதனைக்குக் கருவிகள் உண்டு. மெர்சென் பகா எண்களைத் தேடும் பொருட்டு ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் வெளியிட்ட பிரைம்95, தான் செய்யும் கணக்கின் விடையை முன்னறிந்த விடையோடு ஒப்பிட்டுப் பிழையைக் காட்டிவிடும். நினைவகத்திற்கு மெம்டெஸ்ட்86 உண்டு. அரைமணிச் சோதனை போதாது. ஒரு முழு இரவேனும் ஓடவேண்டும். ஒரே ஒரு பிழை தோன்றினும் ஒருபடி இறங்குதல் வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என மாணவ நண்பர்கள் வினவலாம். நீலத்திரை காட்டி நின்றுவிடும் பொறி தன் குற்றத்தைத் தானே சொல்லிவிடுகிறது. நில்லாமல் தவறான விடை தரும் பொறியே கொடிது. இறுதியாண்டு ஆய்வேட்டின் கணக்கில் ஓர் எண் பிறழலாம். சேமித்த கோப்பு சிதையலாம். மாதங்கள் கழித்தே அது தெரியவரும். ஆதலால் துறையின் கணிப்பொறியிலும், பலர் பயன்படுத்தும் பொறியிலும் இம்முயற்சி கூடாது. தனக்கே உரிய பொறியில், இழப்பைத் தாங்க இயலும் நிலையில் மட்டுமே கூடும்.

பெரியோர்கள் இதனை வெறும் விளையாட்டென ஒதுக்க வேண்டா. கணக்கிட்டு, அளந்து, குறித்து, சோதித்து ஒரு முடிவுக்கு வரும் ஆய்வுப் பழக்கத்தை ஒரு பழைய பொறி இளைஞருக்குக் கற்பிக்க இயலும். ஆசிரியர்கள் மாணவரிடம் எவ்வளவு வேகம் என்று கேளாமல், எவ்வாறு மெய்ப்பித்தாய் என்று கேட்க வேண்டும். திருக்குறளில் வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் உண்டு. மயிலிறகு ஏற்றிய வண்டியை வள்ளுவர் உவமையாக்கியது அங்கேதான். பொறியின் வலியையும் நம் பொறுமையின் வலியையும் ஒருங்கே அறிந்தவர் வேகத்தைக் கூட்டட்டும். அறியாதவர் தூசு துடைத்து அமைதி கொள்ளட்டும். இரண்டும் நன்றே.