உட்காரவைத்தும் அளவெடுங்கள்

பிளஸ் 1 சேரும் பிள்ளைக்கு அரசு சைக்கிள் தருகிறது. அதில் ஏறி மிதிப்பதற்கான உடையை டெய்லர்களாகிய நாம் தைக்கிறோம். சத்துணவு சாப்பிடும் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசம்; மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைக்கின்றன. அதற்கு மேல் படிக்கும்போது துணி எடுத்துக்கொண்டு ஊர் டெய்லரிடம் வருகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென 2001–02இல் தொடங்கிய சைக்கிள் திட்டம் பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. ஆக, சைக்கிள் கைக்கு வரும் வயதில் உடையும் அளவெடுத்துத் தைத்ததாகவே இருக்கிறது. பிரம்மதேசத்திலும் மரக்காணத்து உப்பளக் கரை ஊர்களிலும் நம் வாடிக்கையாளர்கள் இந்தப் பிள்ளைகள். அவர்களை நேராக நிற்கவைத்து அளவெடுத்து அனுப்புகிறோம். குனிந்த முதுகோடு உப்புக்காற்றை எதிர்த்து மிதிக்கும்போது அந்த அளவு எதுவும் பொருந்துவதில்லை.

லண்டன் தையற்காரர்கள் இதை 1890களிலேயே யோசித்தார்கள். ஆலிஸ் பைகிரேவ் என்ற தையற்காரி 1895இல் ஒரு பாவாடைக்குக் காப்புரிமை பெற்றார். முன் தையலிலும் பின் தையலிலும் மறைத்து வைத்த கயிறும் கப்பியும் சைக்கிளில் ஏறும்போது பாவாடையை மேலே தூக்கும். இறங்கினால் அது சாதாரணப் பாவாடை. யேகர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. பழைய சைக்கிள் உடை மரபைக் கொண்டாடும் விதமாக 2009 முதல் லண்டனில் ட்வீட் உடையில் சைக்கிள் ஊர்வலம் நடக்கிறது. ட்வீட் குளிர்நாட்டுக் கம்பளித் துணி, நம் கடற்கரையில் அதை யாரும் தோளில் போட முடியாது. ஆனால் அந்தக் கோட்டுகளின் கட்டிங் நமக்கு அப்படியே பயன்படும்.

முக்கியமானது ஆர்ம்ஹோல். கை தாராளமாக அசைய வேண்டுமென்று அக்குளை ஆழமாக வெட்டும் பழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. அது தவறு. ஆழமான ஆர்ம்ஹோல் வைத்த டாப்பில் கையை ஹேண்டில்பாருக்கு நீட்டினால் பக்கத் தையல் முழுவதும் மேலே இழுபடும், இடுப்பு தெரியும், பிள்ளை ஒரு கையால் டாப்பை இழுத்துவிட்டுக்கொண்டே ஓட்டுவாள். அக்குளுக்கு நெருக்கமாக, சிறிதாக வெட்டி, கையின் மேல் வளைவுக்குக் கூடுதல் துணி கொடுத்தால் கை மட்டும் உயரும், உடல் பகுதி அசையாது. இன்னும் வேண்டுமென்றால் அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு வையுங்கள். வெட்டி மிச்சமான துணியே போதும். முதுகில் தோள் ஓரமாக இரண்டு மடிப்பு வைத்தால் குனியும்போது விரியும், நிற்கும்போது மூடிக்கொள்ளும்.

பேண்ட்டில் தொல்லை கவட்டில். நான்கு தையல்கள் சந்திக்கும் முடிச்சு சரியாகச் சீட்டின் மேல் உட்காருகிறது. தினமும் பள்ளிக்கு மிதித்துப் போய்வரும் பெண்ணுக்குத் தோல் உரிந்து புண்ணாகும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லமாட்டாள். அங்கும் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்தால் தையல்கள் விலகிப்போகும். இடுப்புப் பட்டியைப் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயர்த்துங்கள். வலது கால் பாட்டத்தைக் குறுக்குங்கள், செயின் இருப்பது அந்தப் பக்கம். துப்பட்டாவுக்குப் பதில் ஓவர்கோட் வந்த பள்ளிகளில் சக்கரத்தில் துணி சிக்கும் பயம் குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் கோட்டுக்கு சைடு ஓபன் வைக்காவிட்டால் உட்காரும்போது இடுப்பில் இறுக்கும்.

துணியைப் பற்றியும் பேச வேண்டும். சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தி 8.5 சதவீதம், பாலியெஸ்டர் 0.4 சதவீதம். கம்பளி அணிந்து மிதிப்பவருக்கு வேர்வை தெரியாததன் காரணம் இதுதான். பாலியெஸ்டர் மிகுந்த சீருடைத் துணி நம் வெயிலில் முதுகோடு ஒட்டுவதன் காரணமும் இதுதான். பள்ளி சொல்லும் துணியை நாம் மாற்ற முடியாது. முதுகிலும் கவட்டிலும் பருத்தி உள்துணி கொடுக்க முடியும். சுருங்காதபடி அதை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும். நைலான் ஜிப்பும் பிளாஸ்டிக் பட்டனும் போதும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலும் ஏறினார்கள். சேலையைச் சமாளிக்கும் பாடு முழுக்க அவர்களுடையதாக இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பாட்டை விட்டுவைக்க நமக்கு நியாயம் இல்லை.

கடை வாசலில் ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். நின்றபடி ஒரு அளவு, சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஒரு அளவு: கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு, முதுகின் குறுக்கு, மடக்கிய கையின் நீளம், முழங்கால் மேலே வரும்போது தொடைச் சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளவு நோட்டில் தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள். ஜூன் கூட்டத்துக்கு முன்பே ஒரு செட் தைத்து ஒரு பிள்ளையை ஒரு வாரம் ஓட்டச் சொல்லி, எங்கே பிடிக்கிறது என்று கேளுங்கள். திருத்திய பேட்டர்னை எங்களுக்கு அனுப்பினால் அளவுகளோடு அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.