இந்த விடுமுறைக்குச் சின்னதுகளை எங்கே கூட்டிப் போகிறோம்?

 

ஆகஸ்ட் விடுமுறை வருகிறது. கரம்பொன்னிலும் ஊர்காவற்றுறையிலும் வான் பேசுகிற காலம். "இரவு வெளிக்கிட்டால் விடியக் கொழும்பு, பகல் முழுக்க வோட்டர் பார்க், அடுத்த இரவே திரும்பலாம்" என்று வட்ஸ்அப்பில் செய்திகள் ஓடத் தொடங்கிவிட்டன. போகிறவர்களை மறிக்க இதை எழுதவில்லை. ஆறேழு வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருக்கிறவர்கள் காசு கட்ட முதல் ஒருதரம் வாசியுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாங்கள் போய்ப் பட்டு வந்தவர்கள்.

அப்போது எங்கள் மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டரை. இங்கிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றருக்கு மேல். முறிகண்டியில் கச்சான் வாங்கும் வரை எல்லோருக்கும் சந்தோசம். மதவாச்சி வர முதல் இளையவன் இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டான். மூத்தவள் நித்திரையே கொள்ளவில்லை. பூங்காவில் பெரிய சறுக்குக்குப் பக்கத்தில் உயரம் அளக்கும் தடி நின்றது. அவளுடைய தலை அதற்குக் கீழே. "நீங்கள் சொன்னீர்கள்தானே, சொன்னீர்கள்தானே" என்று அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தடியில் பிழை இல்லை, அது பிள்ளையின் உயிருக்காக வைத்தது. முன்கூட்டிக் கேட்காதது எங்கள் பிழை. நீச்சல் உடுப்பு இல்லாமல் தண்ணீருக்குள் இறங்க முடியாது என்பதும் அங்கே போய்த்தான் தெரியும். உம்மா அபாயாவோடு வெயிலில் இருந்து பைகளைக் காவல் காத்தார். வாப்பா சாப்பாட்டு வரிசையில் நின்றார். இளையவன் துவாயில் சுருண்டு தூங்கினான். கொடுத்த காசுக்குக் கிடைத்தது அந்த நித்திரைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு அன்ரி கேட்டா, "என்ன பிள்ளை, எது நல்லா இருந்தது?" மூத்தவள் யோசிக்கவே இல்லை. "மீன்." எந்த மீன் என்று எங்களுக்கே விளங்கச் சற்று நேரம் எடுத்தது. சுபஹுத் தொழுகைக்காக வழியில் ஒரு பள்ளிவாசலில் நின்றோம். அங்கே ஒளுச் செய்யும் ஹவுளுக்குள் சின்ன மீன்கள் நீந்தின. அவள் படியில் குந்தியிருந்து கால் மணித்தியாலம் அதைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் அவசரப்படுத்தித்தான் வானில் ஏற்றினோம்.

அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான். சின்னப் பிள்ளைக்கு வேண்டியது பெரிய இடம் அல்ல, அவசரப்படுத்தாத பெரியவர்கள்.

உலகத்தில் மிகப் பெயர்பெற்ற பூங்காவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. வோல்ட் டிஸ்னி தன் இரண்டு பெண் பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பூங்கா வாங்கில் சும்மா இருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். பெற்றாரும் பிள்ளையும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1955 ஜூலை 17இல் டிஸ்னிலாண்ட் திறந்த நாளிலோ கடும் வெயில், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான சனம், குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை, புதுத் தார் இளகிப் பெண்களின் சப்பாத்துக் குதி புதைந்தது. அந்த மனிதருக்கே முதல் நாள் அப்படி என்றால், ஒரு பகலுக்குள் எல்லாவற்றையும் முடிக்க நினைக்கிற எங்களுக்கு எப்படி இருக்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும். இரண்டு இரவை வானுக்குள் கழித்தால் அந்தக் கணக்கு எங்கே போகும்? பூங்காவில் பிள்ளை விழுந்து புரண்டு அழுதால் "குழப்படி" என்கிறோம். அது குழப்படி இல்லை, களை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு இருக்கிறது. புதுத் தவணை தொடங்கினால் முதல் கட்டுரை "விடுமுறையில் நான் சென்ற இடம்". கொழும்பு, நுவரெலியா என்று பாதி வகுப்பு எழுதும். மற்றப் பாதி பேனையைக் கடிக்கும். ஒருமுறை ஒரு பிள்ளை போகாத பூங்காவைப் போனதாக எழுதியிருந்தது. அதன் தகப்பன் கடற்றொழில் செய்கிறவர், அந்த மாதம் தொழிலே இல்லை. வாசித்த பிறகு எங்களுக்கு அந்தக் கொப்பியில் சரி போடவும் மனம் வரவில்லை, பிழை போடவும் மனம் வரவில்லை. அதன் பிறகு அந்தத் தலைப்பைக் கொடுப்பதில்லை. "விடுமுறையில் நான் உற்றுப் பார்த்த ஒன்று" என்று கொடுக்கிறோம். பிள்ளை இப்படி வெட்கப்படக் கூடாது என்றுதான் காப்பை அடகு வைத்து வான் பிடிக்கிற தாய்மாரும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கடனோடு ஒப்பிட்டால் ஒரு நாள் சறுக்கு பெரிதா?

அப்படியென்றால் எங்கே போவது? எங்கள் பட்டியல் இது.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் பாதையில் ஏறிக் காரைநகருக்குப் போங்கள். எங்களுக்கு அது தினசரிப் பயணம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கப்பல். நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டையைக் காட்டுங்கள். அங்காலே கசூரினா கடற்கரை, கரையோரம் நெடுந்தூரம் ஆழம் குறைவு. இந்தப் பக்கம் வேலணையில் சாட்டி. பட்டணம் போனால் சுப்பிரமணியம் பூங்கா. பண்ணை பார்க்க ஆசை என்றால் ஏ-9 வீதியில் இயக்கச்சியில் றீச்சா, காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். நெடுந்தீவுக் குதிரைகளைச் சோளகம் வீசுகிற மாதங்களில் விட்டுவிடுங்கள். கடல் ஆடும், சின்னதுகள் தாங்காதுகள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். பதினொரு மணிக்கு நிழலுக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு, நித்திரை, பிறகு வெயில் தாழ இன்னொருதரம்.

அவிசாவளை வீதியில் இருக்கிற லெஷர் வேர்ல்ட், பண்டாரகமை பேர்ள் பே போன்ற இடங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு உண்மையிலேயே கொண்டாட்டம். கட்டாயம் சின்னதுகளையும் கொண்டுதான் போக வேண்டும் என்றால்:

1. முதலில் போன் எடுத்து உயரம், உடுப்பு, நிழல், வெளிச்சாப்பாடு, தொழ இடம் எல்லாவற்றையும் கேளுங்கள். முழு உடலை மூடும் நீச்சல் உடுப்பை ஏற்பார்களா என்று எங்கள் பெண்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

2. இரவு வானை விட்டுப் பகல் றெயினில் போங்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் றெயின் ஓடத் தொடங்கிய பிறகு எங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. புத்தளத்திலோ கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பூங்காவுக்குப் போங்கள்.

3. தண்ணீரில் பிள்ளை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உலகத்தில் நீரில் மூழ்கி இறப்போர் வீதம் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில்தான் மிகக் கூட. அவர்கள் மூழ்கும்போது சத்தமே வராது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அந்த ஆளின் கையில் போன் இருக்கக் கூடாது. கசூரினாவுக்கும் சாட்டிக்கும் இதே சட்டம்தான்.

பயணியின் கஷ்டம் அறிந்து மார்க்கமே தொழுகையைச் சுருக்கித் தந்திருக்கிறது, நோன்பைப் பிற்போட அனுமதித்திருக்கிறது. நாங்களோ இரண்டரை வயதுப் பிள்ளையின் பயணத்தில் ஒன்றையும் சுருக்க மாட்டோம் என்று நிற்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்திலேயே நாலு ஊஞ்சல், நல்ல நிழல் மரங்கள், சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர் உள்ள ஒரு சிறுவர் இடம் அமைந்தால் எந்தத் தாயும் காப்பைக் கழற்ற வேண்டி வராது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் யோசிக்கலாம். காணி, மரக்கன்று, உடலுழைப்பு, யாரால் எது முடியும் என்று கீழே எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்து கன்று நட நாங்கள் தயார்.

எல்லோருடைய பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. பிள்ளை குந்தியிருந்து மீன் பார்த்தால், இந்த முறை நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம்.