விண்ணப்பத்தில் சாதிக்கு என்ன வேலை?

கடையில் விற்கும் பயோடேட்டா படிவத்தைப் பாருங்கள். தந்தை பெயர், மதம், சாதி, திருமணமானவரா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பல படிவங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் வருகின்றன. திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் செவிலியர் உதவியாளர் வேலை தேடும் நம் வீட்டுப் பெண்கள் இதைத்தான் நிரப்பி, மேலே ஒரு கடிதத்தை வைத்துக் கொடுக்கிறார்கள்.

இங்கே அந்த வேலைக்குத் தேவை உண்டு. 500 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் மருத்துவ அறையும் அதற்கான செவிலியப் பணியாளரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பிறகு சாதி எதற்கு?

அரசு வேலையில் சாதிச் சான்றிதழ் கேட்பது நமக்குரிய பங்கைத் தருவதற்காக. தனியார் துறையிலோ இடஒதுக்கீடே இல்லை. எதையும் தராதவர்கள் சாதியைக் கேட்பது, கழித்துக்கட்டுவதற்கு அன்றி வேறெதற்கு?

இது வெறும் ஐயமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. 2007இல் வெளியான ஆய்வு அது.

தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின் சாதி இல்லையே என்பார்கள். உண்மை. பக்கத்துச் செங்கல்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. ஆனால் பெயரில் வெட்டிய வால் முகவரியில் முளைக்கிறது. 'காலனி' என்ற ஒரு சொல் போதும். அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது.

திருமணக் கேள்வியும் அப்படித்தான். திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஆனாலும் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

ஆகவே, வேலை தேடும் தங்கைகளுக்குச் சொல்கிறோம்: சாதி, மதம், திருமணம் மூன்றையும் அடித்துவிடுங்கள். ஊர்ப் பெயரும் கைபேசி எண்ணும் போதும். இது மறைப்பதல்ல; கேட்க உரிமையில்லாதவர்களுக்குப் பதில் சொல்ல மறுப்பது. கடிதத்தில் கெஞ்ச வேண்டாம், உங்கள் கைத்திறனை எழுதுங்கள்: இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் காப்பது, மலம் சிறுநீர் எடுத்துச் சுத்தம் செய்வது. கடைசியாகச் சொன்னதைச் சாதி இழிவென்கிறது. நோயாளிக்கு அது உயிர். அதையும் தலைநிமிர்ந்து எழுதுங்கள். வேலை கிடைத்தால் பதவிப் பெயர், சம்பளம், ஈஎஸ்ஐ, பிஎப் அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள். உதவியாளர் என்று எடுத்துத் துடைப்பத்தைக் கொடுப்பவர்களிடம் அந்தத் தாள்தான் பேசும்.

ஆனால் ஒரு பெண் தனியாக அடித்துவிட்டால் அவர் விண்ணப்பம் குப்பைக்குப் போகலாம். படிவத்திலிருந்தே அந்தக் கட்டங்களை எடுக்கவைப்பது தொழிற்சங்கங்களின், நம் இயக்கங்களின் வேலை. ஒப்பந்ததாரர்களின் படிவங்களிலிருந்து அதைத் தொடங்குவோம்.